கழுத்தைக் கட்டிப்போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ரங்கூனில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை என் மகள் போனில் எடுத்துத் தருவாள், ராத்திரி தையல் மிஷினை மூடிவைத்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில் கழுத்து வலியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. வலி வந்தால் கழுத்தை அசையாமல் பிடிக்கிற காலர் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள், எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கடைசி வரை பாரமான வேலை கூடாது என்று நாலே வரி. அந்த நாலு வரியையும் ஒன்று விடாமல் நான்கு மாதம் கடைப்பிடித்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனாலும் தயவுசெய்து போடுங்கள்.

அனோரதா சாலையில் காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறேன். நம் பெண்களுக்கு ஜாக்கெட், பர்மாக்காரப் பெண்களுக்கு இஞ்சி என்கிற மேல்சட்டையும் தமேன் என்கிற பாவாடையும். தீபாவளியும் இங்குள்ள தடின்ஜுட் விளக்குத் திருநாளும் பெரும்பாலும் சில வார இடைவெளியில் வந்துவிடும், அந்த நாட்களில் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது, ராத்திரியில் பேட்டரி விளக்கை மிஷின் தலையில் கட்டிக்கொண்டு ஊசி முனைக்கு மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து தைப்போம். அப்படி ஒரு தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் காலையில் எழுந்தால் தலையைத் திருப்ப முடியவில்லை. இடது பக்கம் சுத்தமாகப் போகவில்லை, யாராவது கூப்பிட்டால் உடம்பையே முழுசாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் என்ன செய்வார்களோ அதெல்லாம் நடந்தது. அத்தை என் தலையணையைக் கொண்டுபோய் மாடியில் வெயிலில் போட்டார்கள். அப்புறம் காலால் பிறந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து நல்லெண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்க வைத்தார்கள். டைகர் பாம் ஒரு டப்பா தீர்ந்தது. (டைகர் பாம் பிறந்த ஊரே எங்கள் ரங்கூன்தான். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் இங்கே மருந்துக் கடை வைத்திருந்தார், அவருடைய பிள்ளைகள்தான் அதைச் சிங்கப்பூர் கொண்டுபோய் உலகம் முழுக்க விற்றார்கள்.) அதெல்லாம் கேலிக்குரியது என்று நான் சொல்ல மாட்டேன். சூடு பட்டதும், ஒரு பெரியவரின் கை பட்டதும், இறுகிப்போன சதை கொஞ்சம் இளகியது உண்மை. ஆனால் மிஷினில் உட்கார்ந்த இரண்டாம் நாள் அத்தனையும் திரும்ப வந்தது.

பிறகு ஒரு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "தேய்ந்துபோச்சு, இனிமேல் இப்படித்தான்" என்றார். என் கழுத்தை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. காலர், மாத்திரை, தைக்கக் கூடாது. வீட்டில் மூன்று பேர் என் தையலில் சாப்பிடுகிறோம், அந்த ஒரு வார்த்தை என்னை எப்படிப் படுத்தியது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பினால் எலும்பு இன்னும் தேயும் என்று பயந்து குளிக்கும்போது மட்டும் காலரைக் கழற்றினேன். முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் காலர் இல்லாமல் தலையைத் தூக்கிப்பிடிக்கவே முடியவில்லை, சோறு வடிக்கிற நேரம்கூடத் தலை கனத்தது.

ஏன் அப்படி என்று பின்னால்தான் புரிந்தது. நம் தலை சுமார் 5 கிலோ, எங்கள் சந்தைக் கணக்கில் 3 வீசை. இங்கே காய்கறிக் கடையில் இன்னும் வீசைதான் பேசுகிறது, அதனால் 3 வீசை வெங்காயப் பை எவ்வளவு கனம் என்று எங்கள் கைக்கே தெரியும். அந்தக் கனத்தை 7 சின்ன எலும்புகளும் அவற்றைச் சுற்றிய சதைகளும்தான் நாள் முழுக்கத் தாங்குகின்றன. வேலை கொடுக்காமல் வைத்தால் எந்தச் சதையும் இளைத்துவிடும், கையில் மாவுக்கட்டு போட்டுப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். காலர் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. விழுந்து அடிபட்டவர்களுக்கு எலும்பு முறியவில்லை என்று தெரிகிற வரைக்கும் கட்டாயம் கழுத்தை அசைக்கக் கூடாது. நரம்பு அழுந்திக் கையில் இறங்கும் வலிக்கும் சில வாரம் போடச் சொல்வதுண்டு. என்னைப் போல உட்கார்ந்த வேலையில் பிடித்துக்கொண்ட சாதாரணக் கழுத்து வலிக்கு மாதக்கணக்கில் காலர் போட்டால் நோயை வளர்த்த மாதிரிதான் ஆகும்.

தேய்மானம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே அந்த ஒரு சொல்லால் முடங்கியவர்கள் நாலைந்து பேர் உண்டு. என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள்: ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேரை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2015-ல் அது வெளிவந்தது. அதில் 87.6 சதவீதம் பேருக்கு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கித்தான் இருந்ததாம். இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு அப்படி. அத்தனை பேரும் வலியில்லாமல் ஓடியாடிக்கொண்டிருக்கிறவர்கள். தலை நரைப்பதுபோல அதுவும் வயசோடு வருவது. படத்தில் தெரிகிறதெல்லாம் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, வலிக்கிற ஆளின் கழுத்தைத் தொட்டு, திருப்பச் சொல்லி, கையின் பலத்தைச் சோதித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

அப்படித் தொட்டுப் பார்த்தவர் ஒரு பர்மியப் பெண், இங்குள்ள மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்தவர். என் மகள் வயசுதான் இருக்கும், ஆனாலும் சயாமா என்றுதான் கூப்பிடுவோம், இங்கே வைத்தியம் பார்க்கிற, பாடம் சொல்கிற பெண்களுக்கு அதுதான் மரியாதை. எக்ஸ்ரே உறையை நீட்டினேன், அதை மேஜையில் வைத்துவிட்டு என் இஞ்சியின் சின்னப் பொத்தானைப் போட்டுக் கழற்றச் சொன்னார். ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டு கை விரல்களையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி படுத்தாலும் குறையாத வலியா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா என்று கேட்டார். கழுத்துக்கும் பொத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. முதுகுத் தண்டு நரம்பு கழுத்தில் அழுந்தினால் விரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும், அந்த மாதிரி ஆட்களின் கழுத்தில் கையே வைக்கக் கூடாது, நேராகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சோதனை.

அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்தார். என் தலை முழுவதையும் இரண்டு உள்ளங்கைகளில் வாங்கிக்கொண்டார், நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த 3 வீசையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிடரிக்குக் கீழே விரல் நுனிகளால் ஒவ்வொரு எலும்பாகத் தேடிக்கொண்டே வந்தார். இடது பக்கம் ஒரு இடத்தில் அமுக்கியதும் என் வலி அப்படியே பேசியது. "நா லா?" என்று கேட்டார், வலிக்குதா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அங்கே கட்டை விரலை வைத்து மெதுவாக, மூச்சு விடுகிற தாளத்தில், அமுக்கி அமுக்கி விட்டார். எந்த இழுப்பும் இல்லை, முறிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. முதுகின் மேல்பகுதியையும் அதே மாதிரி அமுக்கினார், கழுத்து வலிக்கு முதுகு ஏன் என்றால், குனிந்து தைக்கிறவர்களுக்கு மேல்முதுகு விறைத்துப்போய், அது செய்ய வேண்டிய வேலையும் கழுத்தின் தலையில் விழுகிறதாம். பதினைந்து நிமிஷம் கழித்து எழுந்து உட்கார்ந்தேன், வரும்போது கண்ணில் படாத இடது சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. "ஆண்ட்டி, இது ரெண்டு நாள்தான் நிற்கும்" என்று சயாமா அப்போதே சொல்லிவிட்டார். கையால் அமுக்கிச் செய்கிற இந்தக் கை வைத்தியத்தால் எந்த எலும்பும் இடத்துக்கு வந்து உட்காருவதில்லை, ஏனென்றால் எதுவும் விலகியிருக்கவில்லை. பயந்து இறுகிய சதை தளர்கிறது, நரம்புகள் அனுப்புகிற வலிச் செய்தி கொஞ்ச நேரம் அடங்குகிறது, அதனால் அசைக்க முடிகிறது. அந்த இடைவெளியில் கழுத்தை வேலை செய்யப் பழக்க வேண்டும். எனக்கு என் தொழில் வழியாகத்தான் புரிந்தது. துணியில் முதலில் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துவோம், துணி நகராமல் நிற்கும், ஆனால் மேலே மிஷின் தையல் ஓட்டாமல் அப்படியே உடுத்தினால் ஒரு நாளில் பிரிந்துவிடும். கை வைத்தியம் ஓட்டுத் தையல். மிஷின் தையல் பயிற்சிதான், அதை நாமேதான் ஓட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 272 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒரு பங்குக்குக் கையால் சிகிச்சை, ஒரு பங்குக்கு மாத்திரை, ஒரு பங்குக்கு வீட்டிலேயே செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் இரண்டே தடவை உட்கார வைத்து. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மாத்திரையை விடக் கை சிகிச்சை மேலாக இருந்தது, ஆனால் வீட்டுப் பயிற்சி செய்தவர்களும் ஏறக்குறைய அந்த அளவுக்கே குணமாகியிருந்தார்கள். காசு கொடுத்து வாரம் இரண்டு தடவை சிகிச்சைக்குப் போக முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி, ஆனால் எந்த மருத்துவப் பக்கத்திலும் கண்ணில் படவில்லையே.

நான் செய்வதை எழுதுகிறேன். முதலாவது, படுத்துக்கொண்டு செய்வது. பிடரிக்குக் கீழே சின்னத் துண்டை மடித்து வைத்து, தலையைத் தூக்காமல், மோவாயை மட்டும் ஒரு விரல் அகலம் தொண்டைப் பக்கம் இறக்க வேண்டும், சின்னக் குழந்தை கேட்டதற்கு லேசாக "சரி" என்று தலையாட்டுகிற மாதிரி. பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்துவைத்து, பிறகு தளர்த்த வேண்டும், பத்துத் தடவை. பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும், ஆனால் எலும்பை ஒட்டி உள்ளே இருக்கிற சதைகளுக்கு இதுதான் வேலை, வலி வந்தால் முதலில் சோம்பிப் போவது அவைதானாம். தொண்டைக்கு இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பாருங்கள், அங்கே கயிறு மாதிரி புடைத்தால் அதிகமாகத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம், குறையுங்கள். எனக்கு முதல் வாரம் நாலு தடவைக்கு மேல் நிற்கவில்லை.

இரண்டாவது, உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புவது, வலி ஆரம்பிக்கிற இடம் வரை போய்த் திரும்புவது, ஒரு நாளில் ஐந்தாறு வேளை, வேளைக்குப் பத்து. திருப்புவதில் பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது, அதனால் முரட்டுத்தனம் வேண்டாம்.

மூன்றாவது, பலத்துக்கு. ரப்பர் பட்டை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கொள்ளுங்கள், சைக்கிள் கடையில் சும்மாவே தருவார்கள். ஜன்னல் கம்பியில் மாட்டி இரண்டு கையாலும் நம் பக்கம் இழுத்து, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து, மெதுவாக விட வேண்டும். பிறகு டியூபைக் காலில் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது. டென்மார்க்கில் இந்தப் பக்கவாட்டுப் பயிற்சியைத்தான் தினமும் 2 நிமிஷம், வாரம் ஐந்து நாள், பத்து வாரம் செய்ய வைத்தார்கள், கழுத்துத் தோள் வலி குறைந்தது என்று 2011-ல் எழுதினார்கள். பின்லாந்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற 180 பெண்களை ஒரு வருஷம் கவனித்தார்கள், 2003-ல் வந்த ஆய்வு அது, வலிமைப் பயிற்சி செய்தவர்களுக்கு வெறுமனே நீட்டி மடக்கியவர்களை விட வலி நன்றாகவே குறைந்திருந்தது. எனக்கு ஆறாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது, மூன்றாவது மாதத்தில் மறுபடியும் முழு நேரம் தைத்தேன். நடுவில் இரண்டு தடவை வலி திரும்ப வந்தது, போச்சு என்று விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள், எண்ணிக்கையைப் பாதியாக்கித் தொடருங்கள். செய்யும்போது லேசாக வலிப்பது சரிதான், மறுநாள் காலை வரை நின்றால் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

உட்காருகிற முறைக்கு ஆயிரம் விதி சொல்கிறார்கள், எனக்குப் பலன் தந்தது ஒன்றே ஒன்று. பாபினில் நூல் தீர்ந்தால் எழுந்துவிடுவேன். பாபின் சுற்றுகிற நேரத்தில் தோளை உருட்டி, மேலே ஒரு தடவை பார்த்து, பத்துத் தப்படி நடப்பேன். எவ்வளவு நேராக உட்கார்ந்தாலும் அசையாமல் இருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

இனி, கை கூப்பிக் கேட்கிற ஒரு விஷயம். முடி வெட்டுகிற கடையில் முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் சட்டென்று முறிக்கிறார்களே, அதை யாரும் செய்துகொள்ளாதீர்கள். இங்கேயும் நடக்கிறது, அங்கேயும் நடக்கிறது. என் வீட்டுக்காரர் பல வருஷம் அந்தச் "சடக்" சத்தத்துக்காகவே போவார். அந்தச் சத்தம் மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் காற்றுக் குமிழி உண்டாவது, அவ்வளவுதான், அதில் எந்தக் குணமும் இல்லை. கழுத்து எலும்புகளின் ஓரத்தில் சின்னத் துளைகள் உண்டு, ஊசிக் காதில் நூல் கோர்த்த மாதிரி அவற்றின் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பக்கத்துக்கு ஏறுகின்றன. திடீர் முறுக்கில் அதன் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் போன பலம் திரும்பாமலே போகலாம். படித்துப் பயிற்சி பெற்றவர்களே சோதித்துப் பார்த்த பிறகுதான் வேகமான முறிப்பைச் செய்கிறார்கள், பலர் கழுத்தில் அதைச் செய்வதே இல்லை, மெதுவான அசைப்பிலேயே நல்ல பலன் கிடைக்கிறது. கழுத்திலோ பிடரியிலோ இதுவரை வராத மாதிரி திடீரென்று கடுமையான வலி, கூடவே தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமை வந்தால் யாரிடமும் தேய்க்கப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் மேல்மாடி அக்காவுக்கு வலி வேறு மாதிரி. கழுத்திலிருந்து கை வழியாகக் கட்டை விரல் வரை மின்சாரம் மாதிரி இறங்கும், கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் குறையும். அது நரம்பு வேர் உறுத்தப்படுவதன் அடையாளம். எல்லோரும் ஆபரேஷன் என்று பயமுறுத்தினார்கள். கையில் பலம் குறையாமல் இருந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமலே தணியும் என்று சயாமா சொன்னார், பலம் குறைந்துகொண்டே போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அக்காவுக்கு மூன்று மாதம் ஆனது, இப்போது கோயிலுக்குப் பூக்கூடை தூக்கிக்கொண்டு போகிறார்.

உலகத்தில் 2020-ல் 20 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கழுத்து வலி இருந்ததாகக் கணக்கு. உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் இருப்பார்கள், அதில் எத்தனை தையல்காரர்கள், எத்தனை கம்ப்யூட்டர்க்காரர்கள், அந்த நாலு வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு எத்தனை பேர் காலர் வாங்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கேட்கவில்லை. பிசியோதெரபி படித்த ஒருவரை வைத்து, படத்தோடு, பயிற்சிகளையும் ஆபத்து அறிகுறிகளையும் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். எழுத்து பெரியதாக இருக்கட்டும், வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்கிற மாதிரி. எங்கள் தெருவில் தைக்கிற பெண்கள் பதினோரு பேர், எல்லோருக்கும் நானே பிரதி எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ரங்கூன்